ஆலையில் ஆபத்து எங்கே குடியிருக்கிறது? - வணிகர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய பாதுகாப்பு முறைகள்



நம் இதழில் வரி, விலைவாசி, எடைக்கல் முத்திரை, கடன் வசூல் என்று எத்தனையோ விஷயங்களைப் பேசியிருக்கிறோம். இம்முறை சற்று விலகி, ரசாயன ஆலைகளின் பாதுகாப்பைப் பற்றி எழுத விரும்புகிறேன். "ஆலைக்காரர் கவலை நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நாம் விற்கும் பூச்சிமருந்து, உரம், பிளீச்சிங் பவுடர், ஆசிட், பெயிண்ட், தின்னர், கற்பூரம் எல்லாம் ஏதோ ஓர் ஆலையிலிருந்துதான் வருகின்றன. அவை லாரியில் வந்து நம் குடோனில் இறங்குகின்றன. ஆலை மதிலுக்கு வெளியே குடியிருப்பவர்களில் நம் வாடிக்கையாளரும் உண்டு, நம் கடைப் பையன்களின் குடும்பமும் உண்டு. ஆகவே இது நம் கவலையும்தான்.

நான் பொறியாளர் அல்ல. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு கடைக்கு வந்தவன். ஆனால் இத்தகைய விபத்துகளின் விசாரணை விவரங்களைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று விளங்கியது. இவற்றில் பெரும்பாலானவை விஞ்ஞானம் தெரியாததால் நடந்தவை அல்ல. இருப்பு, செலவு, கணக்கு, பொறுப்பு ஆகிய நான்கும் தடம் புரண்டதால் நடந்தவை. இந்த நான்கும் வியாபாரிக்கு நன்றாகத் தெரிந்த சங்கதிகள்.

இருவகைப் பாதுகாப்பு

ஆலைக்குள் நுழைந்ததும் "தலைக்கவசம் அணியவும்", "விபத்தில்லா நாட்கள் இத்தனை" என்று பலகை இருக்கும். தடுக்கி விழாமல், கை நசுங்காமல், தலையில் அடிபடாமல் தொழிலாளியைக் காப்பது ஒரு வகைப் பாதுகாப்பு. டேங்கிலும் குழாயிலும் அடைபட்டிருக்கும் விஷத்தையும் தீப்பற்றும் பொருளையும் வெளியே வராமல் காப்பது இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் 'செயல்முறைப் பாதுகாப்பு' என்கிறார்கள். முதலாவது சரியாக இருந்தால் இரண்டாவதும் சரியாக இருக்கும் என்று நினைப்பது பெரும் பிழை.

அமெரிக்காவில் டெக்சாஸ் சிட்டி என்ற ஊரில் பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. 2005 மார்ச் 23-ஆம் தேதி அங்கே ஒரு கோபுரத்தில் எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அடியில் சில அடி உயரத்துக்கு மட்டுமே இருக்கவேண்டிய எண்ணெய் கோபுரத்தின் மேல்பகுதி வரை ஏறிவிட்டது. அளவு காட்டும் கருவியோ அளவு குறைந்து வருவதாகக் காட்டியது. எச்சரிக்கை மணி ஒன்று அடிக்கவே இல்லை. எண்ணெய் வழிந்து ஆவியாகித் தீப்பிடித்து வெடித்தது. 15 பேர் மாண்டனர். சுமார் 180 பேர் காயமடைந்தனர். இறந்த அனைவரும் அருகே நிறுத்தியிருந்த தற்காலிக அலுவலக வண்டிகளிலும் அவற்றைச் சுற்றியும் இருந்த ஒப்பந்தப் பணியாளர்கள். எண்ணெய் நிரப்பும் வேலைக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அந்த ஆலையில் கை கால் காயங்களின் கணக்கு நன்றாகவே இருந்தது. நிர்வாகம் அந்தக் கணக்கைப் பார்த்து மனநிறைவு கொண்டிருந்தது. துருப்பிடித்த குழாய், பழுதான கருவி, தள்ளிப்போட்ட பராமரிப்பு ஆகியவற்றின் கணக்கை யாரும் அதே அக்கறையோடு பார்க்கவில்லை. சில்லறைக் கல்லாவை நாள்தோறும் எண்ணிச் சரிபார்த்துவிட்டு, வராக்கடன் பேரேட்டைத் திறந்தே பார்க்காத கடையின் நிலைதான் இது. கல்லா சரியாக இருக்கும், கடை மூழ்கிக்கொண்டிருக்கும்.

போபால்: தேவையில்லாத இருப்பு

நம் நாட்டவர் எவரும் மறக்க முடியாத பெயர் போபால். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, 3-ஆம் தேதி பிறக்கும் வேளையில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் தெருவுக்கு ஓடிவந்து, ஓடிய இடத்திலேயே விழுந்தனர். அரசு முதலில் கொடுத்த கணக்கே 2,259 உயிர்கள். பின்னர் மத்தியப் பிரதேச அரசு உறுதி செய்தது 3,787. உண்மையில் பலி இதைவிடப் பல மடங்கு என்று பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் சொல்லிவந்துள்ளன. பாதிக்கப்பட்டவர்கள் 5,58,125 பேர் என்று 2006-இல் அரசே தெரிவித்தது.

அந்த ஆலையில் 'செவின்' என்ற பூச்சிமருந்து தயாரித்தார்கள். அதற்கு இடைப்பொருளாக மீதைல் ஐசோசயனேட் என்ற திரவம் வேண்டும். சுருக்கமாக 'மிக்' என்பார்கள். 39 டிகிரி வெப்பத்தில் கொதித்து ஆவியாகும் கொடிய நஞ்சு அது. தண்ணீர் பட்டால் தானே சூடேறிப் பொங்கும். இந்த 'மிக்' விற்பனைச் சரக்கல்ல. பூச்சிமருந்து தயாரிக்க மட்டுமே தேவைப்பட்ட பொருள். அப்படிப்பட்டதை டன் கணக்கில் டேங்குகளில் சேமித்து வைத்திருந்தார்கள். விபத்து நடந்த 'இ-610' என்ற டேங்கில் மட்டும் சுமார் 42 டன் இருந்தது.

இங்கேதான் ஒரு வியாபாரியாக நான் நின்று யோசிக்கிறேன். செவினுக்கு அப்போது சந்தை சரியில்லை. ஆலை அமைத்த திறனில் பாதிகூட ஓடவில்லை. அக்டோபர் கடைசியில் 'மிக்' உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். அப்படியானால் அந்த 42 டன் எதற்கு? போகாத சரக்கைக் குடோனில் அடுக்கினால் நமக்கு முதல் முடங்கும், வட்டி ஏறும், எலி கடிக்கும். அவ்வளவுதான் நஷ்டம். ஆபத்தான பொருளை அப்படி அடுக்கினால் முடங்குவது பணம் மட்டுமல்ல. ஒரு நகரத்தின் உயிர் அதில் அடகு கிடக்கிறது.

டிரெவர் கிளெட்ஸ் என்ற ஆங்கிலேய ரசாயன வல்லுநர் பல ஆண்டுகளாக வலியுறுத்திய கருத்து ஒன்று உண்டு. உங்களிடம் இல்லாத பொருள் கசிய முடியாது என்பதே அது. எத்தனை எளிய பேச்சு! காவல் போடுவதற்கு முன், காவல் போடவேண்டிய பொருளையே குறைக்க முடியுமா என்று பார்க்கச் சொன்னார். அதே பூச்சிமருந்தை 'மிக்' இல்லாமலே வேறு வழியில் தயாரிக்கவும் முடியும். போபாலுக்குப் பிறகு, சேமித்து வைக்காமல், உண்டாக்கிய உடனே செலவாகிவிடும்படி முறையை மாற்றிக்கொண்ட நிறுவனமும் உண்டு. அளவான இருப்பு என்பது வியாபாரத்துக்கு நல்லது; ஆபத்தான தொழிலில் அதுவே முதல் பாதுகாப்பு.

ஐந்து பூட்டுகள், ஒன்றும் பூட்டவில்லை

போபால் ஆலையில் பாதுகாப்பு ஏற்பாடே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. காகிதத்தில் எல்லாம் இருந்தன. வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, குளிரூட்டும் இயந்திரம். 'மிக்' திரவத்தைப் பூஜ்யம் டிகிரிக்கு அருகே வைத்திருக்க வேண்டும். குளிர்ந்திருந்தால் தண்ணீர் புகுந்தாலும் மெதுவாகத்தான் சூடேறும்; ஆட்கள் விழித்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும். இந்த இயந்திரத்தை 1984 ஜூன் மாதமே நிறுத்திவிட்டார்கள். அதில் இருந்த குளிரூட்டும் வாயுவை ஆலையின் வேறு பகுதிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது, சூடு ஏறினால் ஒலிக்கும் எச்சரிக்கை. குளிரூட்டல் நின்றபின் டேங்க் எப்போதும் எச்சரிக்கை எல்லைக்கு மேலேயே இருந்தது. எப்போதும் அடித்துக்கொண்டிருக்கும் மணியால் யாருக்கும் பயனில்லை.

மூன்றாவது, வெளியேறும் வாயுவைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் கழுவும் கோபுரம். உற்பத்தி நின்றதால் இதையும் இயக்காமல் வைத்திருந்தார்கள். இயங்கியிருந்தாலும் அன்று வந்த வெள்ளத்தைத் தாங்கும் அளவில் அது கட்டப்படவில்லை.

நான்காவது, வாயுவை எரித்து அழிக்கும் கோபுரம். அதற்குப் போகும் குழாயின் ஒரு பகுதி துருப்பிடித்ததால் கழற்றியிருந்தார்கள். புதிய குழாய் பொருத்தும் வேலை நிலுவையில் இருந்தது.

ஐந்தாவது, தண்ணீர் பீய்ச்சி வாயுவை அடக்கும் ஏற்பாடு. வாயு வெளிவந்த உயரத்துக்கு அந்தத் தண்ணீர் எட்டவில்லை.

இவை போக, அவசரத்துக்குத் திரவத்தை மாற்றிக்கொள்ள 'இ-619' என்ற மாற்று டேங்க் இருந்தது. அன்று அது பயன்படவில்லை. ஊருக்குக் கேட்கும் சங்கையும் சிறிது நேரம் ஊதி நிறுத்திவிட்டார்கள்; மறுபடி முழங்கியபோது வாயு குடிசைகளுக்குள் புகுந்துவிட்டிருந்தது.

டேங்குக்குள் தண்ணீர் எப்படிப் போனது என்பதில் இருதரப்பும் இன்றுவரை வேறு வேறு சொல்கின்றன. குழாய்களைக் கழுவும்போது தடுப்புத் தகடு வைக்காததால் போனது என்கிறார்கள் தொழிலாளர் தரப்பினர். யாரோ வேண்டுமென்றே செய்த சதி என்றது கம்பெனி. என் எண்ணத்தில், இந்த வழக்கின் சாரம் அதில் இல்லை. திருடன் எந்தச் சந்து வழியாக வந்தான் என்பது போலீசுக்கு வேண்டிய கேள்வி. கடைக்கு ஐந்து பூட்டு வாங்கி வைத்துவிட்டு ஒன்றையும் பூட்டாமல் போனது ஏன் என்பது முதலாளி பதில் சொல்லவேண்டிய கேள்வி.

எங்கே குறைத்தார்கள்?

ஆலை நஷ்டத்தில் ஓடியது. நஷ்டம் வந்தால் செலவைக் குறைப்பது தவறல்ல. நாமும் அதைத்தான் செய்வோம். ஆனால் எதைக் குறைப்பது என்பதில்தான் முதலாளியின் அறிவு தெரியும். 'மிக்' பிரிவில் ஒரு ஷிப்டுக்கு இருந்த ஆட்கள் பாதியாகக் குறைக்கப்பட்டனர். அனுபவசாலிகள் பலர் விலகிப் போயினர். குளிரூட்டும் மின்செலவு மிச்சமானது, பராமரிப்பு தள்ளிப்போனது. இவற்றால் மறுநாளே எந்தக் கேடும் வரவில்லை. அதனால் "இது இல்லாமலும் ஓடுகிறதே" என்ற துணிச்சல் வந்தது.

பாதுகாப்புக்கான செலவின் குணமே இதுதான். செய்தால் லாபம் கண்ணுக்குத் தெரியாது; செய்யாவிட்டால் நஷ்டமும் உடனே தெரியாது. பழுதான வால்வும், நிறுத்தி வைத்த கருவியும் கடன் போன்றவை. பேரேட்டில் ஏறாத கடன். வட்டி மட்டும் இராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் அத்தனையும் சேர்த்து வசூலுக்கு வரும்.

முன்னறிவிப்பு இல்லாமலும் போகவில்லை. 1981 டிசம்பரில் அதே ஆலையில் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். 1982-இல் மறுபடியும் கசிவு ஏற்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்கத் தாய்க் கம்பெனியிலிருந்து வந்த குழுவினர் குறைகளை எழுதிக் கொடுத்தனர். ராஜ்குமார் கேஸ்வானி என்ற போபால் பத்திரிகையாளர் ஊர் எரிமலை வாயில் இருக்கிறது என்ற பொருள்பட 1982 முதலே எழுதி எச்சரித்தார். கேட்கவேண்டியவர்கள் காதில் விழவில்லை.

முடிவில் கணக்கு என்ன ஆயிற்று? 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. 2010 ஜூனில் இந்தியக் கம்பெனியின் முன்னாள் அதிகாரிகளுக்கு 2 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கூடுதல் இழப்பீடு கோரி மத்திய அரசு போட்ட மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆலையில் மூட்டை கட்டிக் கிடந்த நச்சுக்கழிவு 337 டன்னும் பீதம்பூருக்கு எடுத்துச் செல்லப்பட்டு எரிக்கப்பட்டது 2025-இல்தான். கடை மூடி நாற்பது ஆண்டுக்குப் பிறகும் தீராத பாக்கி இது.

அவசர வேலையும் கைமாறும் நேரமும்

போபாலுக்கு முன்னும் பின்னும் நடந்த இரண்டு விபத்துகள், வேலைமுறை பற்றி நமக்குப் பாடம் சொல்கின்றன.

இங்கிலாந்தில் பிளிக்ஸ்பரோ என்ற இடத்தில் ஒரு ரசாயன ஆலை. வரிசையாக இருந்த ஆறு கலன்களில் ஐந்தாவதில் விரிசல் கண்டது. உற்பத்தி நிற்கக் கூடாது என்று அந்தக் கலனைக் கழற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். முறையான வரைபடமும் கணக்கும் இல்லை. பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்து பார்த்துச் செய்தார்கள். ஆலையின் தலைமைப் பராமரிப்புப் பொறியாளர் பதவி அப்போது காலி. இரண்டு மாதம் அந்தக் குழாய் தாங்கியது. 1974 ஜூன் 1-ஆம் தேதி உடைந்தது. 28 பேர் பலி. சனிக்கிழமையாக இல்லாதிருந்தால் அலுவலகத்தில் இருந்தவர்களும் போயிருப்பார்கள். "தற்காலிகம்தானே" என்று செய்யப்படும் மாற்றத்தைப் போல் ஆபத்தானது வேறில்லை. இதனால்தான் இன்று எந்த நல்ல ஆலையிலும் சிறு மாற்றத்துக்கும் எழுத்தில் அனுமதி, தகுதியான ஒருவரின் கையெழுத்து, நாள் கெடு மூன்றும் வேண்டும் என்கிறார்கள்.

அடுத்தது, வடகடலில் இருந்த பைப்பர் ஆல்பா என்ற எண்ணெய் மேடை. 1988 ஜூலை 6-ஆம் தேதி, பகல் ஷிப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பரிசோதனைக்குக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு மூடியை வைத்தார்கள். வேலை முடியவில்லை. அந்தச் செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இரவில் இன்னொரு பம்பு நின்றுபோனதும், கழற்றிய வால்வு பற்றித் தெரியாமல் இந்தப் பம்பை ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்தது. தானாக இயங்கவேண்டிய தீயணைப்புப் பம்புகளும் கைமுறைக்கு மாற்றி வைக்கப்பட்டிருந்தன. 167 பேர் மாண்டனர்.

சாயங்காலம் கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போகும்போது "இந்த லோடு இறங்கிவிட்டது, இது பாக்கி, இந்தச் செக் திரும்பிவிட்டது" என்று எழுதி வைத்துவிட்டுப் போகாவிட்டால் மறுநாள் நமக்கு நஷ்டம் சில ஆயிரம். அங்கே ஒரு சீட்டு கைமாறாததன் விலை 167 உயிர்.

சட்டம் சொல்வது

இத்தகைய துயரங்களுக்குப் பிறகே சட்டங்கள் இறுகின. நம் நாட்டில் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தான தொழில்களுக்குத் தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அபாயகரமான ரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி பற்றிய விதிகள் 1989-இல் வந்தன. 1991-இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் 1992-இல் 14 அம்சங்கள் கொண்ட செயல்முறைப் பாதுகாப்பு விதியை ஏற்படுத்தினர்.

வணிகர்கள் கவனிக்கவேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. 1985 டிசம்பரில் டெல்லியில் ஓர் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அந்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழில் நடத்துபவர் தம் தொழிலால் பிறருக்கு விளையும் கேட்டுக்கு எந்த விதிவிலக்கும் இன்றிப் பொறுப்பாவார் என்று தீர்ப்பளித்தது. "எனக்குத் தெரியாது", "வேறொருவர் செய்தார்", "கவனமாகத்தான் இருந்தேன்" என்ற சமாதானங்களுக்கு அதில் இடமில்லை.

சட்டம் வந்தும் பாடம் முழுதாகப் படியவில்லை என்பதற்கு விசாகப்பட்டினம் சாட்சி. 2020 மே 7-ஆம் தேதி அதிகாலை, எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் டேங்கிலிருந்து ஸ்டைரீன் ஆவி கசிந்து 12 பேர் இறந்தனர். ஊரடங்கில் ஆலை நின்றிருந்த சமயம். ஸ்டைரீன் குளிராக இருக்கவேண்டும். அது தானே கட்டிப்படாமல் தடுக்கும் மருந்தும் கலந்திருக்க வேண்டும். குளிரூட்டல் 24 மணி நேரமும் இயங்கவில்லை, மருந்தின் இருப்பு போதவில்லை, சங்கும் ஊதப்படவில்லை என்று ஆந்திர அரசின் உயர்மட்டக் குழு கண்டறிந்தது. போபாலுக்கு 36 ஆண்டுக்குப் பிறகு, மறுபடியும் ஓடாத ஆலை, குவிந்த இருப்பு, இயங்காத குளிரூட்டல், ஊதாத சங்கு! ஆலை நின்றால் ஆபத்தும் நின்றுவிடும் என்ற எண்ணமே தவறு. உற்பத்திக்கு விடுமுறை உண்டு; டேங்கில் இருக்கும் பொருளுக்கு விடுமுறை கிடையாது.

நம் குடோனுக்கு வருவோம்

2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி லெபனான் நாட்டுத் தலைநகர் பெய்ரூட்டின் துறைமுகம் வெடித்தது. அங்கே ஆலை எதுவும் இல்லை. வெறும் கிட்டங்கிதான். ஒரு கப்பலிலிருந்து இறக்கிய 2,750 டன் அமோனியம் நைட்ரேட் ஆறு ஆண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடந்தது. சுங்க அதிகாரிகள் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள், யாரும் முடிவெடுக்கவில்லை. தீப்பற்றியதும் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பக்கத்தில் இருந்த 1,20,000 டன் கொள்ளளவுள்ள தானியக் களஞ்சியம் சிதைந்தது. ஒரு நாட்டின் கோதுமை வியாபாரமே ஆடிப்போயிற்று.

அந்தச் செய்தி வந்த பிறகுதான், சென்னை மணலியில் ஒரு கண்டெய்னர் நிலையத்தில் 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட் 37 கண்டெய்னர்களில் கிடப்பது ஊருக்குத் தெரிந்தது. அவசர அவசரமாக ஏலம் விட்டு ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். வழக்கில் சிக்கிய சரக்கு, உரிமையாளர் வராத சரக்கு, காலாவதியான சரக்கு ஆகியவை எந்தக் குடோனிலும் மூலையில் ஒதுங்கிவிடும். கணக்கிலிருந்து மறையும்; ஆபத்திலிருந்து மறையாது.

"நான் மளிகை வியாபாரி, எனக்கு ரசாயனமே இல்லை" என்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 2008 பிப்ரவரி 7-ஆம் தேதி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இம்பீரியல் சுகர் என்ற சர்க்கரை ஆலை வெடித்து 14 பேர் இறந்தனர். வெடித்தது நாம் டீயில் போடும் சர்க்கரையின் தூசி! சர்க்கரையில் அழுக்கு விழக்கூடாது என்று சரக்கு ஓடும் பட்டையைச் சுற்றி இரும்புத் தகடு அடைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் உள்ளே பறக்கும் தூசிக்கு வெளியேற வழி வைக்கவில்லை. முதல் வெடிப்பு சிறிது; அதன் அதிர்ச்சியில் உத்தரத்திலும் தரையிலும் பல நாளாகப் படிந்திருந்த தூசி கிளம்பி, கட்டடம் கட்டடமாக வெடித்தது. மாவு மில், மசாலா அரவை, ஸ்டார்ச் வைத்திருப்போர் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும். தூசி பெருக்குவது சுத்தத்துக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும்தான்.

நம் சக்திக்கு உட்பட்ட சில காரியங்களை வரிசைப்படுத்துகிறேன்:

1. உங்கள் குடோனில் எரியக்கூடியது, விஷமானது, தண்ணீர் படக்கூடாதது எவை, எவ்வளவு என்று ஒரு பட்டியல் எழுதி, ஒரு பிரதியைக் குடோனுக்கு வெளியே வையுங்கள். தீயணைப்பு வீரர் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

2. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. பிளீச்சிங் பவுடர் பக்கத்தில் எண்ணெய், தின்னர் போன்றவையும் கூடாது.

3. தானியக் கிட்டங்கியில் பூச்சிக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற கொடிய வாயுவை விடும். பயிற்சியும் உரிமமும் பெற்றவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. கடைப் பையன் கையில் கொடுத்து "போட்டுவிட்டு வா" என்பது கொலைக்குச் சமம்.

4. கற்பூரம், தின்னர், பெயிண்ட் வைத்த இடத்தில் வெல்டிங் வேலை நடக்கவேண்டுமானால், முதலில் சரக்கை அகற்றுங்கள். வேலை முடிந்தபின் ஓர் ஆள் காவல் இருக்கட்டும்.

5. விலை ஏறும் என்று பட்டாசையும் எரிபொருளையும் உரிம அளவுக்கு மேல் அடுக்காதீர்கள். உரிமத்தில் உள்ள அளவு அதிகாரிக்காக எழுதியதல்ல, அக்கம்பக்கத்துக்காக எழுதியது.

6. பழுதான தீயணைப்புக் கருவி, அறுந்த மின்கம்பி, அடைத்துப் போட்ட பின்வாசல் இவற்றுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். எப்போது பழுதானது, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் சரியாகும் என்று எழுதுங்கள். கடன் பாக்கி நோட்டைப் போல வாரம் ஒருமுறை முதலாளியே பார்க்கட்டும்.

7. தீ விபத்துக் காப்பீட்டுப் பத்திரத்தில் நீங்கள் உண்மையாக வைத்திருக்கும் சரக்கு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மறைத்து வைத்த சரக்கு எரிந்தால் காப்பீடும் கூடவே எரியும்.

சங்கத்தின் கடமை

தனி வியாபாரி கேட்டால் ஆலை வாசலில் காவல்காரரே பதில் சொல்லி அனுப்பிவிடுவார். சங்கமாகக் கேட்டால் மானேஜர் உட்காரவைத்துப் பேசுவார். நம் பகுதியில் அபாயகரமான ஆலையோ, எரிவாயுக் கிடங்கோ, அம்மோனியா உபயோகிக்கும் குளிர்பதனக் கிடங்கோ இருந்தால், சங்கத்தின் சார்பில் சில கேள்விகளை மரியாதையாகக் கேட்கலாம். உள்ளே என்ன பொருள், எவ்வளவு இருக்கிறது? கசிந்தால் எந்தச் சங்கு எப்படி ஒலிக்கும்? காற்று எந்தப் பக்கம் அடித்தால் நாங்கள் எந்தப் பக்கம் போகவேண்டும்? மருத்துவமனைக்கு மாற்று மருந்து பற்றிச் சொல்லியிருக்கிறீர்களா? கடைசியாக எப்போது ஒத்திகை நடந்தது?

2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் வீட்டைவிட்டு ஓடினார்கள். அத்தகைய இரவில் எந்தப் பக்கம் போவது என்று தெரிந்திருப்பதே பாதி உயிரைக் காக்கும். இதை முன்கூட்டிச் சொல்லித் தருவதில் ஆலைக்கு ஒரு செலவும் இல்லை.

ஆலை முதலாளிகள் நமக்கு எதிரிகள் அல்லர். அவர்களும் நம்மைப் போல முதல் போட்டுத் தொழில் செய்பவர்களே. ஆலை மூடினால் நம் கடைவீதியும் படுத்துவிடும் என்பதை நான் அறிவேன். அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். நன்றாக நடக்கும் ஆலைக்கு இந்தக் கேள்விகள் பெருமை தரும். பதில் சொல்லத் தயங்கும் ஆலைக்கு அவை அவசியம் தேவை. வரும் செயற்குழுவில் தீயணைப்புத் துறை அதிகாரியை அழைத்து ஒரு கூட்டம் நடத்தவும், உறுப்பினர் குடோன்களை ஒருவருக்கொருவர் பார்வையிட்டுக் குறை சொல்லவும் தீர்மானம் கொண்டுவரவேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். நம் குடோனின் குறையை அதிகாரி வந்து காண்பதைவிட, பக்கத்துக் கடை அண்ணாச்சி வந்து கண்டு சொல்வது நல்லதல்லவா?

லாபக் கணக்கை வருடம் ஒருமுறை பார்க்கலாம். ஆபத்தின் கணக்கை அன்றாடம் பார்க்கவேண்டும்.